பாறையை வரைந்தவர்களும் பல்லக்கை வரைந்தவர்களும்

அயல்நாட்டுக் கலைஞர் ஒருவரை வரவழைத்து, தங்க இடமும் வேலை செய்யப் போதிய காலமும் தந்து, அந்த நிலத்திலிருந்து அவர் எதைப் படைக்கிறார் என்று காத்திருக்கும் ஏற்பாடு இன்று கலைஞர் உறைவிடத் திட்டம் எனப்படுகிறது. அவ்வாறு வருவோரில் பலர் விரைவு வண்டிகளைத் தவிர்த்து, நடந்தும் உள்ளூர் ரயிலில் ஏறியும் ஊர் ஊராக மெதுவாகச் சென்று வரைவதை விரும்புகின்றனர். இப்பெயர் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், இதே வேலை திருச்சிராப்பள்ளியில் நடந்திருக்கிறது. அதன் தடத்தைக் களத்தில் தேடுபவர் மலைக்கோட்டையில் அல்லாமல் மணப்பாறையில் தொடங்குவதே பொருத்தம். அக்காலப் பயணங்களின் மூட்டை முடிச்சுகளைச் சுமந்தது மாடு, அந்த மாடு இன்றும் விலைபேசப்படும் ஊர் அது.

திருச்சியிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில், ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மணப்பாறையின் மாட்டுச் சந்தை பெயர்பெற்றது. 1957இல் வெளிவந்த ‘மக்களைப் பெற்ற மகராசி’ படத்துக்கு அ. மருதகாசி எழுதிய பாடல் அப்பெயரை மேலும் பரப்பியது. மாட்டுச் சந்தைகளில் வாங்குபவர் வாயைத் திறந்து பார்த்து இரண்டு பல், நாலு பல், கடை சேர்ந்தது என்று வயதைக் கணிக்கிறார். நடக்கவிட்டுக் குளம்பையும் திமிலையும் பார்க்கிறார். தரகரோ துண்டுக்குள் கையைவிட்டு விரலைப் பிடித்தே விலையை முடிக்கிறார். மெதுவான பயணத்துக்கு உயிர் கொடுத்தது இந்த அறிவுதான் என்றாலும், பயணக் கலையின் வரலாற்றில் இதற்கு ஓர் அடிக்குறிப்பு கிடைப்பதும் அரிது.

தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியரும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1786இல் கல்கத்தா வந்தவர்கள். மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த கையோடு, 1792 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்டு, மலைக்கோட்டைகள், மதுரை, குமரிமுனை, பாபநாசம், திருச்சி, தஞ்சாவூர் என்று சுற்றி 1793 ஜனவரியில் சென்னை திரும்பினார்கள். பல்லக்குச் சுமப்பவர்களும் மாட்டுக்காரர்களும் வேலையாட்களும் சேர்ந்த பெருங்கூட்டம் அவர்களுடன் நடந்தது. சிறு துளை வழியே அல்லது வில்லை வழியே எதிரிலுள்ள காட்சியைத் தாளின்மேல் விழச்செய்யும் இருட்பெட்டியைக் கொண்டு அவர்கள் கோடுகளை எடுத்தார்கள். இலண்டன் திரும்பியபின், செப்புத் தகட்டில் குங்கிலியம் போன்ற பிசின்பொடியைப் படியவைத்து அமிலத்தால் அரிக்கும் அக்குவாடிண்ட் முறையில் அவற்றை அச்சிட்டுக் கையால் வண்ணம் தீட்டினார்கள். 1795 முதல் 1808 வரை வெளிவந்த ‘ஓரியண்டல் சீனரி’ தொகுதியின் 144 படங்களில், காவிரியிலிருந்து தெரியும் மலைக்கோட்டைப் பாறையும் கோட்டைக்குள்ளிருந்து தெரியும் காட்சியும் உண்டு.

அப்படங்களை மனத்தில் வைத்துக்கொண்டு காவிரிப் பாலத்தில் நிற்பவருக்குப் பாறை மட்டும் மாறாமல் தெரிகிறது. கோட்டை மதில் பெரும்பாலும் போய்விட்டது. மெயின் கார்டு கேட் நிற்கிறது, மேலப்புலிவார்டு ரோட்டில் கடைகள் நெரிகின்றன. ஸ்ரீரங்கத்தில் இன்று 236 அடி உயர்ந்து நிற்கும் ராஜகோபுரம் நிறைவு பெற்றது 1987இல்தான். ஆகவே டேனியல்களும், 1858 அளவில் இப்பகுதியைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப்பும், 1874இல் வந்து தன் கோட்டோவியங்களின் மீதே வண்ணக் குறிப்புகளை எழுதிவைத்த எட்வர்ட் லியரும் அதை மொட்டைக் கோபுரமாகவே அறிந்திருப்பார்கள். அதைக் கட்டி முடித்த கொத்தர்களும், சுதை வேலைக்காரர்களும், சாரத்தில் ஏறி வண்ணம் பூசியவர்களும் தனியே எழுதப்பட வேண்டியவர்கள்.

டேனியல்களின் பாறை கம்பீரமானது, ஒளியும் நீரும் நேர்த்தியாகத் தீட்டப்பட்டவை. ஆனால் அதன் அடியில் வரும் மனிதர்கள் பெரும்பாலும் பாறையின் உயரத்தைக் காட்டும் அளவுகோலாகவே நிற்கிறார்கள். அந்த மனிதர்களை முன்னே கொண்டுவந்து நிறுத்தியவர்கள், 19ஆம் நூற்றாண்டில் திருச்சியில் அப்பிரகத் தகட்டில் வரைந்த உள்ளூர் ஓவியர்கள். மக்கள் காக்காப்பொன் என்றழைக்கும் அப்பிரகம் ஏடு ஏடாகப் பிரியக்கூடிய, ஒளி ஊடுருவும் கனிமம். கண்ணாடிபோல் வழவழப்பான அதன் பரப்பில் வண்ணம் எளிதில் பற்றாது, பற்றினாலும் தகடு வளைந்தால் உதிர்ந்துவிடும். அதில் உள்ளங்கையளவில் பல்லக்குச் சுமப்பவர், தண்ணீர் சுமப்பவர், நெசவாளர், மாட்டுவண்டி, சாமி ஊர்வலம் என்று வரைந்து, ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்களுக்குத் தொகுதி தொகுதியாக விற்றார்கள். அப்பிரக ஓவியத்தில் ஒரு சுவையான வகையும் உண்டு: முகம் மட்டும் ஒரு தாளில் இருக்கும், உடையும் தொழிற்கருவியும் வரைந்த தகடுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைக்க, அதே முகம் வெவ்வேறு மனிதராக மாறும்.

வாங்குபவரின் விருப்பத்துக்காக, சாதியையும் தொழிலையும் வகைபிரித்துக் காட்டும் நோக்கில் இவை வரையப்பட்டன என்பதை மறைக்கக் கூடாது. ஆயினும் தோளில் அழுந்தும் மூங்கிலையும், இறுக்கிக் கட்டிய முண்டாசையும், ஒவ்வொரு தொழிலுக்கும் உரிய கருவியையும் அவர்கள் அறிந்து வரைந்திருக்கிறார்கள். பல்லக்கில் வந்தவர் பாறையை வரைந்தார். பல்லக்கைத் தூக்கியவரை வரைந்தவர் இந்த ஊரிலேயே இருந்தார். முன்னவரின் பெயர் ஒவ்வொரு அச்சுப்படத்தின் அடியிலும் பொறிக்கப்பட்டது. பின்னவர்களின் பெயர் பெரும்பாலான தொகுதிகளில் இல்லை. பயணம் எவ்வளவு மெதுவானதாக இருந்தாலும், ஊரிலேயே வாழ்ந்தவரின் கண்ணுக்கு அது ஈடாகாது என்பதற்கு இத்தகடுகளே சான்று.

அப்பிரக ஓவியத் தொகுதிகள் இன்று இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் பாதுகாக்கப்படுகின்றன. மலைக்கோட்டை அருகே ராணி மங்கம்மாள் மண்டபத்தில் இயங்கும் அரசு அருங்காட்சியகத்தில் டேனியல்களின் பாறையையும் பெயரறியா ஓவியர்களின் பல்லக்குத் தூக்கிகளையும், படிகளாகவேனும், அருகருகே மாட்டிவைக்க வேண்டும். கலைஞர் உறைவிடங்களை நடத்துவோரும், வெளிநாட்டிலிருந்து ஒருவரை அழைக்கும்போது அவ்வூரின் கைவினைஞர் ஒருவருக்கும் அதே இடத்தையும் அதே காலத்தையும் அதே ஊதியத்தையும் ஒதுக்க வேண்டும்.