இல்லாத காலுக்கு ஒரு கம்பளி

காந்தல்ல மேட்டுல ஒரு வீடு. டிசம்பர், உறைபனி நேரம். சர்க்கரை நோயால வலது முழங்காலுக்குக் கீழே எடுத்த அண்ணன் ஒருத்தரைப் பார்க்கப் போயிருந்தேன். (அவர்கிட்ட கேட்டுத்தான் எழுதுறேன். அடையாளம் மாத்தியிருக்கேன்.)

அவர் மனைவி கம்பளியைப் போர்த்திவிட்டாங்க. கால் இல்லாத பக்கத்துலயும் ஓரத்தை நல்லா செருகினாங்க. நான் பார்க்கிறதைக் கவனிச்சு, "அந்தக் கால்தான் விறைக்குதாம் சார்"ன்னாங்க. அவர் உடனே, "சும்மா இரு, பைத்தியம்னு நினைப்பாரு."

மூணு மாசமா என்கிட்ட அவர் சொன்னது "தையல் போட்ட இடம் வலிக்குது" மட்டும்தான். நானும் புண் ஆறியிருக்கானு பார்த்து, வலி மாத்திரை எழுதிட்டே இருந்தேன். "எங்கே வலி, விரல் வச்சுக் காட்டுங்க"ன்னு ஒரு தடவை கேட்டிருந்தா, அவர் விரல் காத்துல நின்னிருக்கும். கேட்கலை. என் தப்பு.

இது பைத்தியம் இல்லீங்க. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்தவங்களைப் பார்த்த சைலஸ் வெய்ர் மிட்செல் என்ற மருத்துவர் 1871லயே 'ஃபேன்டம் லிம்ப்'னு இதுக்குப் பேர் வச்சுட்டார். கால் போயிடும், மூளையில் அந்தக் காலுக்கான இடம் போகாது. வெட்டுப்பட்ட நரம்பு முனைகளும் சும்மா இருக்காது. அதனால எரியும், ஷாக் அடிக்கும், இல்லாத விரல் மடங்கிப் பிடிச்சுக்கும். சாதாரண வலி மாத்திரை பெரும்பாலும் இதுக்குக் கேட்காது. கேபாபென்டின், அமிட்ரிப்டிலின் மாதிரி நரம்பு வலி மருந்துகள் சிலருக்கு உதவும். (நீங்களா மெடிக்கல்ல வாங்கிப் போடாதீங்க, ப்ளீஸ்.)

இன்னொண்ணு, கண்ணாடி. நம்ம சென்னை ஸ்டான்லியில் படிச்ச வி.எஸ்.ராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்த யோசனை. ரெண்டு காலுக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல காலை அசைச்சு, பிம்பத்தைப் பார்க்கணும். போன கால் அசையுற மாதிரியே தெரியும். 2007ல அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒண்ணுல கால் இழந்த 22 பேரை வச்சு, தினம் 15 நிமிஷம், 4 வாரம்னு சோதிச்சாங்க. கண்ணாடி பார்த்தவங்களுக்கு வலி குறைஞ்சது. சின்ன ஆய்வுதான், எல்லாருக்கும் பலிக்காது.

பீரோ கண்ணாடியைக் கழட்டி வச்சோம். முதல்ல சிரிச்சார். கொஞ்ச நேரத்துல பேச்சு நின்னுச்சு. "பெருவிரல் நிமிருது சார்."

வலி முழுசா போகலை. ராத்திரி தூங்குறார், அவ்வளவுதான்.

அடுத்து செயற்கைக் கால். 1968ல ஜெய்ப்பூர்ல ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே.சேத்தியும் செஞ்ச ரப்பர் பாதம், சம்மணம் போட, செருப்பில்லாம மேடுபள்ளத்துல நடக்கன்னே யோசிச்சது. முழங்காலுக்கு மேலே எடுத்தவங்களுக்கு ஐஐடி மெட்ராஸ் 2022ல 'கதம்'னு ஒரு மூட்டு கொண்டுவந்தாங்க. 160 டிகிரி வரை மடங்கும்.

அண்ணனுக்குப் பாதம் பிரச்சினை இல்லை, சாக்கெட்தான். ஆபரேஷனுக்கப்புறம் மாசக்கணக்குல மிச்சக் கால் சுருங்கும், சாக்கெட் லூசாகும். ஊட்டி இறக்கத்துல அது சறுக்கினா புண்ணு, சர்க்கரைக்காரருக்குப் புண்ணுன்னா மறுபடி ஆஸ்பத்திரி. அதனால தினமும் சாயங்காலம் கழட்டி, தோல் சிவந்திருக்கானு அக்காதான் பார்க்கிறாங்க.

போன வாரம் படி இறங்கி டீக்கடை வரைக்கும் போயிட்டு வந்திருக்கார். சாக்கெட் மறுபடி ஆடுதாம். புதுசு வர்ற வரைக்கும் உள்ளே ரெண்டு சாக்ஸ் போட்டு சமாளிக்கிறார்.