பட்டியலில் இல்லை என்றால் பெட்டியில் இல்லை என்று அர்த்தமா?

பூட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு ‘பூட்’ பற்றி எழுதினால், “எந்தப் பட்டறைப் பூட்டு சார்?” என்றுதான் கேட்பார்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் திண்டுக்கல் பூட்டைப் பற்றித் தனியாக எழுதவேண்டும். இன்று அது இல்லை. கம்ப்யூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரையில் நாலைந்து வரிகள் வந்து, லினக்ஸா விண்டோஸா என்று கேட்குமே, அந்தப் பட்டியலைப் பற்றியது இது. இருக்கவேண்டிய பெயர் அதில் காணாமல் போவதும், ஒரே பெயர் இரண்டு மூன்று தடவை வந்து நிற்பதும் நடக்கிறது. நடந்தால் என்ன செய்யலாம், முக்கியமாக என்ன செய்யக்கூடாது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

எழுபதைத் தாண்டியவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் அன்பர்கள் கொஞ்சம் பொறுக்கவேண்டும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் நம் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் வாங்கிய பெட்டிகள் இன்னும் எத்தனையோ வீட்டு பீரோக்களின் மேல் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் விண்டோஸும் ‘பாஸ்’ என்ற லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. ‘பாஸ்’ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்கவேண்டாம். சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனத்தார், டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. ஆக, இந்தப் பட்டியல் நம் வீடுகளுக்குள் வந்து பல வருஷம் ஆகிறது. பிள்ளைகள் அம்பு விசையைத் தட்டி எதையோ தேர்ந்தெடுப்பார்கள். நாம் பார்த்துக்கொண்டு நிற்போம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். சர்க்கார் உத்தியோகத்துக்குத் தமிழும் ஆங்கிலமும் போதுமாக இருந்தன. பிரெஞ்சு முப்பது வருஷம் பரணில் கிடந்தது. ஓய்வு பெற்றபின் லினக்ஸ் கற்றுக்கொள்ள உட்கார்ந்தபோதுதான் அதைத் தூசி தட்டி இறக்கினேன். பிரெஞ்சுக்காரர்கள் லினக்ஸுக்கு நல்ல கையேடுகள் எழுதுகிறார்கள். அந்த நாட்டு ஜாந்தார்மெரி, அதாவது அவர்களுடைய ஒருவகைப் போலீஸ் படை, 2008 முதல் உபுண்டு லினக்ஸுக்கு மாறத் தொடங்கியது. போலீஸ்காரருக்கே புரியும்படி எழுதியிருக்கிறார்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அந்தக் கையேடுகளில் ‘பூட்’ என்பதற்கு ‘அமோர்சாழ்’ என்று இருக்கும். தூண்டிலில் இரை வைப்பதற்கும் அந்த வார்த்தைதான். பம்புக்குத் தண்ணீர் ஊற்றிப் போடுவதற்கும் அதுவேதான். இதைப் படித்தபோது எனக்குத் தாடிக்கொம்புப் பக்கத்துக் கிணறுகள் ஞாபகம் வந்தன. மோட்டாரைப் போடுமுன் குழாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, காற்றை வெளியேற்றி, பிறகு சுவிட்சைத் தட்டுவார்கள். அந்த ஒரு குடம் இல்லாவிட்டால் மோட்டார் வெறுமனே சுற்றும், தண்ணீர் ஏறாது. கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். விண்டோஸ், லினக்ஸ் போன்ற பெரிய மென்பொருள் தானாக எழுந்து வராது. சின்னதாக ஒரு மென்பொருள் முதலில் ஓடி, அதை எழுப்பிவிட வேண்டும். லினக்ஸ் உலகத்தில் அந்த ஒரு குடம் தண்ணீரின் பெயர் ‘கிரப்’. 1995-இல் எரிக் போலின் என்பவர் எழுதியது. இப்போது ஓடுவது அதன் இரண்டாம் தலைமுறை. எந்தக் கிணற்றுக்கு ஊற்றுவது என்று கேட்பதற்காகத்தான் அது பட்டியலைக் காட்டுகிறது.

இங்கே என் பழைய உத்தியோகத்தை இழுக்காமல் முடியாது. 1985 செப்டம்பர் 15 அன்று மதுரையிலிருந்து திண்டுக்கல் மாவட்டம் பிரிந்தபோது, நான் இருந்த அலுவலகத்துக்குக் கோப்புகள் கட்டுக் கட்டாக வந்து இறங்கின. பதிவறையில் அடுக்கி முடித்துப் பார்த்தால், சில கிராமங்களின் கோப்புகள் அலமாரியில் இருக்கின்றன, பதிவேட்டில் இல்லை. சில கோப்புகள் பதிவேட்டில் இரண்டு இடத்தில் இருக்கின்றன, அலமாரியில் ஒன்றுதான். பட்டா மாறுதலுக்காக வரும் விவசாயியிடம் “உங்க கோப்பு இங்க இல்லை” என்று பதிவேட்டைப் பார்த்தே சொல்லி அனுப்பியவர்களும் உண்டு. எங்கள் தலைமை எழுத்தர் ஒருவர், பெரிய மனுஷன், எழுந்து போய் அலமாரியைப் பார்க்காமல் ‘இல்லை’ என்று யாரும் எழுதக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார்.

கிரப் காட்டும் பட்டியல் அந்தப் பதிவேடு. ஹார்ட் டிஸ்க் அந்த அலமாரி. இரண்டும் வேறு வேறு என்பது புரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

2023-இல் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இந்தப் பயம் வந்தது. அந்த வீட்டுக்காரர் நாகல் நகர்ப் பக்கம் ஒரு பட்டறையில் பூட்டுத் தொழிலாளி, 2021-இல் தவறிவிட்டார். அவர் மகள் கல்லூரியில் படிக்கும்போது ஏதோ பிராஜக்டுக்காக, பள்ளியில் வாங்கிய மடிக்கணினியின் கேமரா முன்னால் அப்பாவை உட்கார வைத்து, மாங்காய்ப் பூட்டு செய்யும் விதத்தை ஒரு மணி நேரம் பேச வைத்திருக்கிறாள். அது விண்டோஸ் பக்கத்தில் இருந்தது. தம்பி பொறியியல் படிக்கிறவன். ‘பாஸ்’ இருந்த இடத்தில் டெபியன் போட்டிருந்தான். அந்த ஜூனில் டெபியன் 12 வந்ததும் அதற்கு மாற்றிவிட்டு விடுதிக்குப் போய்விட்டான். மறுநாள் மகள் பெட்டியைத் திறந்தால், பட்டியலில் டெபியன் மட்டும் இருக்கிறது. விண்டோஸ் வரியைக் காணோம்.

அம்மாவும் மகளும் சாயங்காலம் வந்தார்கள்.

“அண்ணே, கடைக்காரத் தம்பி விண்டோஸ் அழிஞ்சு போச்சுன்னு சொல்லுது. ஃபார்மட் அடிக்கணுமாம், ஆயிரத்து இருநூறு ஆகுமாம். பணம் பெருசில்லண்ணே. அவரு பேசுனது அதுலதான் இருக்கு. வேற எங்கயும் இல்ல.”

“கடையில விட்டுட்டீங்களா?”

“இல்ல மாமா, யோசிச்சுச் சொல்றோம்னு தூக்கிட்டு வந்துட்டோம்” என்றாள் மகள்.

நல்ல பிள்ளை. ஃபார்மட் என்பது அலமாரியையே துடைத்துக் காலி செய்வது. பதிவேட்டில் ஒரு வரி விட்டுப்போனதற்கு யாராவது பதிவறையைக் கொளுத்துவார்களா?

முதலில் செய்தது, பட்டியலை மறந்துவிட்டு டெபியனுக்குள் போய்க் கோப்பு மேலாளரைத் திறந்ததுதான். இடது ஓரத்தில் டிஸ்கின் மற்றப் பகுதிகள் தெரிந்தன. பெரிய பகுதியைச் சொடுக்கினால் தம்பியின் கடவுச்சொல் கேட்டது. போன் போட்டு வாங்கினோம். திறந்தது. ‘விண்டோஸ்’ என்ற அடைவு, ‘யூசர்ஸ்’ என்ற அடைவு, அதற்குள் மகள் பெயர், அதற்குள் வீடியோக்கள். அவள் ஒன்றைத் தட்டினாள். “இந்த நெம்புகோல் இருக்கு பாரு…” என்று அவர் பேச ஆரம்பித்ததும் அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். பிறகு வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் அந்த அடைவு முழுவதையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்தோம். நீங்களும் இந்த வரிசையை மாற்றவேண்டாம்: அலமாரியைப் பார்ப்பது, நகல் எடுப்பது, அதற்கப்புறம்தான் பதிவேடு.

இனி அந்த வரி ஏன் காணாமல் போனது என்பது. கிரப்புக்கு ‘ஓ.எஸ். புரோபர்’ என்று ஓர் ஏவலாள் உண்டு. டிஸ்கில் அறை அறையாகத் திறந்து பார்த்து, இங்கே விண்டோஸ் இருக்கிறது, அங்கே இன்னொரு லினக்ஸ் இருக்கிறது என்று வந்து சொல்பவன் அவன்தான். முழு அதிகாரத்தோடு, முன்பின் தெரியாத அறைகளை எல்லாம் திறப்பது பாதுகாப்பில்லை என்று, 2021-இல் வந்த கிரப் 2.06 முதல் அவனை வேலைக்கு அனுப்பாமல் உட்கார வைத்துவிட்டார்கள். டெபியன் 12 அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டது. வெளியீட்டுக் குறிப்பிலும் சொல்லியிருக்கிறது. குறிப்பை யார் படிக்கிறார்கள்? விண்டோஸ் இருந்த இடத்தில்தான் இருந்தது. பார்த்துச் சொல்ல ஆள் போகவில்லை, அவ்வளவுதான்.

அவனைத் திரும்ப அனுப்புவது சுலபம். ‘ஈடிசி’ அடைவுக்குள் ‘டிஃபால்ட்’ அடைவில் ‘கிரப்’ என்று ஒரு கோப்பு இருக்கிறது. நிர்வாகி உரிமையோடு அதைத் திறந்தால், ‘கிரப் டிஸேபிள் ஓ.எஸ். புரோபர்’ என்ற சொற்களை அடிக்கோட்டால் கோத்து, ‘ஃபால்ஸ்’ என்று முடியும் ஒரு வரி இருக்கும். அதன் முன்னால் ஒரு # குறி. அந்தக் குறி இருக்கும்வரை அந்த வரி வெறும் குறிப்பு, எடுத்துவிட்டால் உத்தரவு. எடுத்துவிட்டுச் சேமித்து, முனையத்தில் ‘சூடோ அப்டேட்-கிரப்’ என்று கட்டளை கொடுத்தோம் (ஆங்கிலத்தில்தான் தட்டவேண்டும்). ‘விண்டோஸ் 7 கண்டுபிடிக்கப்பட்டது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் வரிகள் ஓடின. பெட்டியை அணைத்துப் போட்டதும் விண்டோஸ் பட்டியலில் வந்துவிட்டது.

வந்தது, ஆனால் இரண்டு தடவை வந்தது. இரண்டும் விண்டோஸ் 7. கடைசியில் இருக்கும் பகுதி எண் மட்டும் வேறு. இதுதான் இரண்டாவது வியாதி. இங்கே நிதானம் வேண்டும். ஒரு வரி உண்மையான விண்டோஸைத் திறப்பது. மற்றது, கம்பெனிக்காரன் விற்கும்போதே வைத்த மீட்புப் பகுதியைத் திறப்பது. அங்கே போய் வரும் கேள்விகளுக்கெல்லாம் ‘சரி, சரி’ என்று தட்டிக்கொண்டே போனால், பெட்டி கடையிலிருந்து வந்த முதல் நாள் மாதிரி ஆகிவிடலாம், உள்ளே இருந்ததெல்லாம் போய்விடலாம். எந்த வரி எதைத் திறக்கிறது என்று கண்டுபிடித்து, மகளிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பிறகு அந்தப் பகுதியை விட்டுவிடும்படி, முன்சொன்ன அதே கோப்பில் அதன் அடையாள எண்ணோடு ‘ஸ்கிப் லிஸ்ட்’ வரி ஒன்று சேர்த்தோம்.

சிலர் இதற்குக் குறுக்குவழி என்று, பட்டியல் இருக்கும் ‘கிரப் சி.எஃப்.ஜி.’ கோப்பையே திறந்து வேண்டாத வரியை அழிப்பார்கள். அந்தக் கோப்பின் தலைப்பிலேயே ‘இதைத் திருத்தாதே’ என்று எழுதியிருக்கிறது. அது அச்சாகி வரும் பிரதி மாதிரி. நீங்கள் கைப்பட அடித்தால், அடுத்த முறை லினக்ஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது அந்த வரி பழையபடி வந்து நிற்கும். மாற்றவேண்டியது மூலத்தை.

இரட்டை வரிகள் எல்லாமே பிழை என்று நினைக்கவும் வேண்டாம். ‘மேல் விருப்பங்கள்’ என்ற உள்பட்டியலில் டெபியனே இரண்டு மூன்று முறை இருக்கும். அவை லினக்ஸின் கருவின், அதாவது கெர்னலின், வெவ்வேறு பதிப்புகள். புதியது மக்கர் செய்தால் பழையதில் எழுந்துகொள்ளலாம். மாற்றுச் சாவியை யாராவது குப்பையில் போடுவார்களா, அதுவும் திண்டுக்கல்லில்? நாலைந்துக்கு மேல் சேர்ந்துவிட்டால் ‘ஆட்டோரிமூவ்’ கட்டளை தேவையற்றதை மட்டும் கழித்துவிடும்.

ஒரே பெட்டியில் இரண்டு லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை. மூத்தவன் வீட்டுப் பதிவேட்டில் இளையவன் குடும்பத்தைப் பற்றிப் போன வருஷத்துத் தகவல்தான் இருக்கும். இளையவனின் கெர்னல் மாறியபின் மூத்தவனின் பட்டியலில் இல்லாத ஆளின் பெயர் நிற்கும், இருக்கும் ஆளின் பெயர் இராது. எந்த லினக்ஸின் பட்டியல் முதலில் வருகிறதோ அதற்குள் போய், அங்கே ‘அப்டேட்-கிரப்’ கொடுக்கவேண்டும்.

புதிய மடிக்கணினிகளில் பட்டியலே வராமல் நேராக விண்டோஸுக்குப் போய்விடுவதும் உண்டு. பெரும்பாலும் ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு இது நடக்கும். பெட்டியின் சொந்த அமைப்பில் (கம்பெனியைப் பொறுத்து எஃப்2, எஃப்12 என்று ஏதாவது ஒரு விசை) எது முதலில் எழவேண்டும் என்ற வரிசை இருக்கிறது. அதில் விண்டோஸ் மேலே ஏறியிருக்கும். டெபியனையோ உபுண்டுவையோ மேலே ஏற்றினால் போதும். அந்த வரிசையிலேயே உபுண்டு இரண்டு தடவை இருந்தால், முன்பு எப்போதோ போட்டு எடுத்ததன் மிச்சம் அது. ‘இ.எஃப்.ஐ. பூட் மேனேஜர்’ என்ற கட்டளை எண்ணோடு வரிசையைக் காட்டும். செத்த எண்ணை மட்டும் நீக்கலாம். எண்ணை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு நீக்கவும்.

2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் அனுப்பிய ஒரு பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு உலகம் முழுக்கப் பல இரட்டைப் பெட்டிகளில் லினக்ஸ் எழ மறுத்தது. ‘ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது’ என்று திரையில் ஒரு வாசகம் வந்து பெட்டி அணைந்துவிடும். அங்கேயும் கோப்பு எதுவும் போகவில்லை. ‘செக்யூர் பூட்’ என்ற காவலாளிக்குப் புதுச் சட்டம் கொடுத்தார்கள்; பழைய கிரப்பை அவர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். காவலாளியைத் தற்காலிகமாக ஓய்வில் வைத்து, லினக்ஸுக்குள் போய்ப் புதுப்பித்து, மறுபடி அவரை வாசலில் நிறுத்தியவர்கள் தப்பித்தார்கள்.

பட்டியலில் வரி காணோம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்புமுன், ஒரு லினக்ஸ் பென்டிரைவால் பெட்டியை எழுப்பி உள்ளே பார்க்கலாம். டிஸ்கைத் தொடாமலே பார்க்க முடியும். நம் தெருவில் யாருக்காவது வேண்டுமென்றால் என்னிடம் ஒன்று இருக்கிறது. காலை பத்து மணிக்கு மேல் வரவும். அதற்கு முன்னால் வெள்ளை விநாயகர் கோயில் பக்கம் நடந்துவிட்டு வருவேன்.