பிடிக்கிறவன்

ஹூஸ்டனில் மகள் வீட்டில் இருக்கிறேன். நேற்று மாப்பிள்ளைக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு மணி நேரம் வாக்குவாதம். எதற்கு? 2006-இல் நடந்த ஆள் தேர்வுக்கு!

இது அமெரிக்கக் கால்பந்து. பெயர்தான் கால், வேலையெல்லாம் கைக்கு. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும்; முந்தைய ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. 16 ஆட்டத்தில் இரண்டே வென்ற ஹூஸ்டன் டெக்சன்ஸுக்கு அது கிடைத்தது. ஓட்டத்துக்குப் பேர்போன ரெஜி புஷ் இருந்தார். உள்ளூர்ப் பிள்ளை வின்ஸ் யங் இருந்தார். அணியோ மரியோ வில்லியம்ஸை எடுத்தது. தடுப்பு வரிசைக்காரர். பந்து எறிபவரைப் பாய்ந்து வீழ்த்துவது அவர் வேலை. ஊரே கொதித்ததாம். முதல் ஆண்டு அவர் கணக்கு வெறும் நாலரை (இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை). யங்குக்கோ புதுமுக விருது. மறு ஆண்டு வில்லியம்ஸ் 14.

அப்படியும் பக்கத்து வீட்டுக்காரர், "யங்கைத்தான் எடுத்திருக்கணும்" என்கிறார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒன்றியக் கபடிப் போட்டிக்கு ஒரு பையனை எடுத்தேன், நினைவிருக்கிறதா? பாடிப்போக வராது, பிடித்தால் விடமாட்டான். நீங்கள் எல்லாரும் "ஓ" போட்டீர்கள். மறுநாளே பெயரை மாற்றிவிட்டேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. பனியனை மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

தம்பி, குறை உன்னிடம் இல்லை. எனக்குத்தான் தைரியம் போதவில்லை. அவன் எண் யாரிடமாவது இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.