நாற்பதடிக் கல் வீட்டில் ஒரு சட்டமன்றம்



சட்டமன்றம் என்றதும் உங்கள் மனக்கண்முன் என்ன தோன்றுகிறது? வானளாவிய கட்டடம், பளிங்குத் தரை, வாசலில் காவலர், வரிசையாக நிற்கும் கார்கள். அப்படித்தானே? இன்று நான் உங்களை அழைத்துச் செல்லும் சட்டமன்றம் வேறு வகை. நீளம் 40 அடி. அகலமும் 40 அடி. நம் தோட்டத்து மண்டபங்களில் சில அதைவிடப் பெரியவை. ஆனாலும் அந்தச் சிறிய கல் வீட்டின் கதை நாம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

அமெரிக்காவில் ஒஹையோ என்றொரு பெரிய ஆறு ஓடுகிறது. அதன் வடகரையில் இருப்பது இண்டியானா மாநிலம், தென்கரையில் கென்டக்கி. கென்டக்கியின் லூயிவில் நகரிலிருந்து மேற்கே ஏறக்குறைய 25 மைல் போனால் கோரிடன் என்னும் சிற்றூர் வரும். 1813ஆம் ஆண்டில் இண்டியானா இன்னும் மாநிலமாகாமல், மத்திய அரசின் கீழ் ஒரு பிரதேசமாக இருந்தபோதே, இவ்வூர் தலைநகராயிற்று.

மரத்தடியில் எழுதிய சட்டம்

மாநிலமாக வேண்டுமானால் முதலில் ஓர் அரசியல் சட்டம் வேண்டும். அதை எழுத 1816 ஜூன் 10ஆம் நாள் 43 பிரதிநிதிகள் கோரிடனில் கூடினார்கள். கடுங்கோடைக் காலம். கூடிய இடமோ மரக்கட்டைகளால் கட்டிய சிறு வீடு. உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. அருகில் ஒரு பெரிய எல்ம் மரம் கிளை பரப்பி நின்றது. அதன் நிழலில் அமர்ந்து பேசினார்கள்; வாதாடினார்கள். ஜூன் 29ஆம் நாள் வேலை முடிந்துவிட்டது. மூன்றே வாரத்தில் ஒரு மாநிலத்துக்கான அரசியல் சட்டம்!

அந்த மரம் 1925இல் நோயால் பட்டுப்போனது. மக்கள் அதை விறகாக்கிவிடவில்லை. அடிமரத்தைச் சுற்றி மணற்கல்லால் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். இன்றும் போய்ப் பார்க்கலாம்.

முதல் கூட்டம்

மரத்தடியை விட்டுக் கல் வீட்டுக்கு வருவோம். அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக் கல்லால் கட்டிய இரண்டு மாடி வீடு அது. சுவரின் தடிமன் இரண்டரை அடி. கட்டட வேலையை மேற்பார்த்தவர் டெனிஸ் பென்னிங்டன்.

1816 நவம்பர் 4ஆம் நாள் புதிய மாநிலத்தின் முதல் சட்டமன்றம் இங்கே கூடியது. கீழ்த்தளத்தில் கீழவை உறுப்பினர் 29 பேர். மாடியில் மேலவை உறுப்பினர் 10 பேர். உறுப்பினருக்கு நாளொன்றுக்கு 2 டாலர் படி. முதல் ஆளுநர் ஜோனதன் ஜென்னிங்ஸுக்கு வயது 32தான். கீழவையின் சபாநாயகர் ஐசக் பிளாக்ஃபோர்டு. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறார். டிசம்பர் 11ஆம் நாள் அதிபர் மேடிசன் கையெழுத்திட, இண்டியானா அமெரிக்காவின் 19ஆவது மாநிலமாயிற்று.

ஒப்பந்தம் என்னும் விலங்கு

ஆற்றுக்கு அக்கரையில் கென்டக்கியில் அடிமை முறை சட்டப்படி நடந்தது. இக்கரையில் 1787ஆம் ஆண்டுச் சட்டமே அடிமை முறையைத் தடுத்திருந்தது. ஆனால் வசதி படைத்தவர்கள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் ஒப்பந்தம். கறுப்பினத்தவரை அழைத்து வந்து, “இவர் விரும்பியே இத்தனை ஆண்டு ஊழியம் செய்ய இசைகிறார்” என்று ஒரு தாளில் எழுதிவிடுவார்கள். மனித ஆயுளுக்கும் மேற்பட்ட காலத்துக்கு எழுதிய ஒப்பந்தங்களும் இருந்தன. ஒப்பந்தக் கூலி என்ற சொல்லைப் பாட்டன், பூட்டன் வாயிலாகக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மரத்தடியில் எழுதிய சட்டம், அடிமைத்தனமும் கட்டாய ஊழியமும் இம்மாநிலத்தில் கூடாது என்றது. முதல் சட்டமன்றமும் ஆள் கடத்தலைத் தடுக்க ஒரு சட்டம் செய்தது. ஆனால் சட்டம் வந்தவுடன் விலங்கு தானே கழன்று விழுந்துவிடுமா? யாராவது துணிந்து கேட்க வேண்டாமா?

கேட்டவர்கள் இரண்டு பெண்கள். முதலாமவர் பாலி ஸ்ட்ராங். 1820இல் மாநில உச்சநீதிமன்றம் அவருக்கு விடுதலை அளித்தது. இரண்டாமவர் மேரி கிளார்க். இவர் 20 ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தார். கீழ்க்கோர்ட்டில் தோற்றார். மனம் தளராமல் மேல்முறையீடு செய்தார். 1821இல் உச்சநீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: ‘விருப்பத்தோடு செய்வதுதான் ஊழியம். விடுதலை கேட்டு இவர் நீதிமன்றத்துக்கு வந்துவிட்டார் என்பதே இவருக்கு விருப்பமில்லை என்பதற்குச் சான்று. விருப்பமில்லாதவரைப் பிடித்து வைத்தால் அது கட்டாய ஊழியம்.’ மேரி விடுதலையானார். அன்று அந்த நீதிமன்றத்தில் இருந்த மூன்று நீதிபதிகளில் ஒருவர், நான் நினைவில் வைக்கச் சொன்ன பிளாக்ஃபோர்டு.

பள்ளிக்கூடமும் ஒரு சட்டம்

ஆசிரியன் என்ற முறையில் என்னைக் கவர்ந்தது இன்னொன்று. சிற்றூர்ப் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றி எல்லாருக்கும் கல்வி அளிக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அந்த 1816ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் கூடவே ‘நிலைமை இடங்கொடுக்கும்போது’ என்று ஒரு வாலும் உண்டு. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு ஆண்டுகள் ஓடின. பொதுப் பள்ளிகளுக்கு உறுதியான வழி பிறக்க 1850களாயிற்று. ஏட்டில் எழுதிய பள்ளிக்கும் எதிரே நிற்கும் பள்ளிக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். அந்தச் சட்டமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை வெள்ளை ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. பெண்களுக்கு இல்லை, கறுப்பினத்தவருக்கு இல்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகளிடமிருந்து நிலம் ஒப்பந்தம் ஒப்பந்தமாகப் பறிபோனது. மேரி கிளார்க்கை விடுவித்த சட்டம் மேரி கிளார்க்கிடம் ஓட்டுக் கேட்டதில்லை.

1825இல் தலைநகர் இண்டியானாபொலிசுக்குப் போய்விட்டது. அரசாங்க ஏடுகளையும் பணத்தையும் நான்கு வண்டிகளில் ஏற்றி, ஏறக்குறைய 125 மைல் காட்டு வழியே கொண்டுபோனார்கள். கோரிடன் மீண்டும் சிற்றூராயிற்று. கல் வீடு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்து காட்டுகிறார்கள்.

வாசகர்களே, உங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். சட்டம் செய்தவர்களின் பெயர்களோடு, அதைக் கையில் பிடித்துக்கொண்டு நீதிமன்றப் படியேறிய அந்த இரண்டு பெண்களின் பெயர்களையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒரு தாளில் கையெழுத்திடும் முன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கும் பிள்ளையாக அவர்களை வளர்த்துவிடுங்கள். அதற்குத்தான் பள்ளிக்கூடம்.