சுகலா தேவியின் நாட்டிலே

வேலை நிமித்தமாகத்தான் மீரியபெத்தவுக்குப் போனேன். கொஸ்லந்தையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே மேலே ஏற வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, மலை சரிந்து லயங்களை மூடிய இடம் அது. ஆபத்து உண்டென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தும், மக்களுக்கு வேறு இடம் கொடுபடவில்லை.

என்னோடு வந்த அக்கா ஓரிடத்தில் நின்றார்.

“எங்க அம்மாவ கடைசி வரைக்கும் எடுக்கல மிஸ். இங்கதான் எங்கேயோ இருக்காங்க.”

இதே பேச்சை வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை தாய்மாரிடம் கேட்டிருக்கிறேன்! அப்போதுதான், இதே ஊவாவில் முடிவு தெரியாமல் போன ஓர் அரசியின் நினைவு வந்தது. அவள் பெயர் சுகலா தேவி.

மறுநாள் காலை வெல்லவாய பஸ்ஸில் ஏறினேன். வழியில் தியலும நீர்வீழ்ச்சி 220 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. வெல்லவாயவில் பஸ் மாறி, புத்தல வழியாக மொனராகலை. அதற்கு அருகில்தான் கலபெத்த. சுகலா இருந்த உதுந்தொர என்னும் தலைநகர் இதுவே எனக் கருதப்படுகிறது. மரங்களுக்கு நடுவே பழைய கட்டடங்களின் அத்திவாரங்கள். கருங்கல்லால் கட்டிய நீராடும் குளத்தை ‘பிசோ பொக்குண’ என்கிறார்கள். அரசியின் குளம் என்று பொருள்.

சுகலாவின் கணவன் ஸ்ரீவல்லபன். அவன் தந்தை ஒரு பாண்டிய இளவரசன்; தாய் முதலாம் விஜயபாகுவின் தங்கை. கணவனுக்குப் பின் மகன் மானாபரணன் உறுகுணையை ஆண்டான். பொலனறுவை ஆட்சிக்காக முதலாம் பராக்கிரமபாகுவோடு போரிட்டுத் தோற்று இறந்தான். பராக்கிரமபாகு 1153இல் அரியணை ஏறினான்.

கணவனும் இல்லை, மகனும் இல்லை. ஆனாலும் சுகலா பணியவில்லை. புத்தரின் புனித தந்தமும் பாத்திரமும் அவள் வசம் இருந்தன. அவற்றை வைத்திருப்பவருக்கே ஆளும் உரிமை என்பது அக்கால நம்பிக்கை. ஆகவே படைமேல் படை வந்தது. முதலில் புனிதப் பொருள்கள் பறிபோயின. பின்னர் அவளும் பிடிபட்டு, பொலனறுவைக்குக் கொண்டு செல்லப்பட்டாள். அதற்குப் பின் அவளைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை.

அவள் கதையை நமக்குச் சொல்வது சூளவம்சம். அது பராக்கிரமபாகுவைப் புகழ்ந்து பாடும் நூல். சுகலாவையோ அறிவில்லாதவள் என்று ஏசுகிறது. அவள் தன் வாயால் சொன்ன கதை எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. வென்றவன் வீட்டுக் கணக்கில் தோற்றவளின் கண்ணீர் ஏறுவதில்லை.

குளத்தங்கரையில் இருந்தபோது அந்த அக்காதான் நினைவில் நின்றார். பிரியும்போது அவர் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியைக் காட்டினார். அன்று மண்ணுக்குள் போன தன் சொந்தக்காரர், அயலவர் ஒவ்வொருவரின் பெயரும் அதில் இருந்தது. யார் பிள்ளை, எந்த லயம், என்ன வயது என்பதையும் மகளைக் கொண்டு எழுதுவித்திருந்தார்.

சகோதரிகளே, நாமும் ஒரு கொப்பி எடுப்போம். எழுத வராவிட்டால் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிப்போம். இழந்தவர்களின் பெயர், கடைசியாகக் கண்ட இடம், நாள். கூடவே, அதன்பின் நாம் எப்படி வாழ்ந்தோம் என்பதையும். சுகலாவுக்கு அப்படியொரு கொப்பி இருக்கவில்லை.