கழற்றிக் கொடுத்த பாதரட்சை



ரூத்தின் சரித்திரத்தை வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் அறுவடைக் களத்திலும், மாமியார் மருமகள் அன்பிலும் மனம் நின்றுவிடுகிறார்கள். நான்காம் அதிகாரத்தில் வரும் ஒரு சிறிய வழக்கம் கவனத்திற்குத் தப்பிவிடுகிறது. விதவையான நகோமியின் நிலம் கைமாற வேண்டியிருக்கிறது. போவாஸ் பட்டணவாசலில் உட்கார்ந்து, மூப்பரில் பத்துப் பேரைச் சாட்சிகளாக அழைக்கிறார். அந்த நிலத்தின்மேல் முதல் உரிமையுள்ள உறவினர் அதை ஏற்க மனமில்லாமல், தம் பாதரட்சையைக் கழற்றிப் போவாசிடம் கொடுக்கிறார். உரிமை ஒருவரை விட்டு மற்றொருவரிடம் சென்றது என்பதற்கு அக்கால இஸ்ரவேலில் அதுவே அத்தாட்சி.

அந்த வழக்கத்தில் ஒரு நீதி இருக்கிறது. பாதரட்சையைக் கொடுத்தவர் ஒரு காலில் வெறுங்காலாக நிற்கிறார். கொடுத்ததைத் தாமும் அணிந்துகொண்டிருக்க அவரால் முடியாது. ஒருவரிடம் ஒன்று குறைந்தது, மற்றவரிடம் அது சேர்ந்தது, ஊரார் அதைக் கண்டார்கள்.

இந்தப் பகுதியைச் சில மாதங்களாக என் மனதில் நிறுத்தியவர், கையால் தொட முடியாத ஒரு பொருளை விற்க வேண்டிவந்த ஒரு சகோதரி.

எங்கள் சபையில் பல ஆண்டுகள் கீபோர்டு வாசித்த சகோதரர் சென்ற ஆண்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வீட்டின் ஒரு சிறிய அறையில், கணினியும் இரண்டு மைக்குகளும் வைத்து, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் பாடல்களையும் திருமண வீட்டுப் பாடல்களையும் பதிவுசெய்து வந்தவர். மருத்துவத்திற்கு வாங்கிய கடன் மீதியிருந்தது. அவருடைய மனைவி ஒருநாள் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வந்தார். "ஐயா, கீபோர்டை வித்துட்டேன், மைக்கையும் வித்துட்டேன். பாட்டுப் பண்ற சாஃப்ட்வேர் வாங்குன ரசீது மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல இருக்கு. அதையும் விக்க முடியுமா?" என்று கேட்டார்.

கீபோர்டை விற்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மென்பொருள் அப்படிப்பட்டதன்று. நாம் பணம் கொடுத்துப் பெறுவது பெரும்பாலும் ஒரு பயன்பாட்டு அனுமதி. அதற்கு உரிமம் என்று பெயர். அது யாருடைய பெயரில் இருக்கிறது, பெயர் மாறலாமா என்பதை, விற்ற நிறுவனத்தின் விதிகள் தீர்மானிக்கின்றன.

இதைக் குறித்து நீதிமன்றங்களும் ஒருமனப்படவில்லை. ஒரு நாவலை ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக்கூடாது என்று பதிப்பாளர் அதிலேயே அச்சிட்டிருந்தார். நியூயார்க்கின் மேசீஸ் கடை 89 சென்டுக்கு விற்றது. 1908ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம், விற்றுவிட்ட பிரதியின் மறுவிற்பனையைப் பதிப்பாளர் கட்டுப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. பழைய புத்தகக் கடைகள் அந்த நியாயத்தின் நிழலிலேயே அங்கு வாழ்கின்றன. ஆனால் 2010இல், பழைய ஆட்டோகேட் மென்பொருளை இணையத்தில் விற்ற ஒருவரின் வழக்கில், அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறுவிதமாகச் சொன்னது: அதை வாங்கியவர் உரிமையாளர் அல்லர், உரிமம் பெற்றவர் மட்டுமே, ஆகவே அந்த நியாயம் இங்குச் செல்லாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012 ஜூலையில், யூஸ்டுசாஃப்ட் என்ற நிறுவனத்திற்கும் ஆரக்கிளுக்கும் இடையிலான வழக்கில், காலவரையறையின்றி விற்கப்பட்ட மென்பொருள் உரிமத்தை, அது இணையத்தில் பதிவிறக்கியதாக இருந்தாலும், மறுபடியும் விற்கலாம் என்றது. அதோடு ஒரு நிபந்தனையையும் வைத்தது. விற்கிறவர் தம்மிடம் உள்ள பிரதியைப் பயன்படாததாக்கிவிட வேண்டும். இதை வாசித்தபோது எனக்குப் பட்டணவாசலில் வெறுங்காலாக நின்ற அந்த உறவினரே நினைவுக்கு வந்தார். மூவாயிரம் ஆண்டு இடைவெளியில் இரண்டு சபைகள் ஒரே நியாயத்தைக் கண்டுகொண்டிருக்கின்றன.

இனி, இசைத் தயாரிப்பு மென்பொருள்களைப் பார்ப்போம். சபைகளில் இசைப் பணி செய்யும் வாலிபர்கள் இவற்றை ஒலியின் தரத்தாலும் விலையாலும் ஒப்பிடுகிறார்கள். கைமாறும் தன்மையாலும் ஒப்பிட வேண்டும் என்பதை அந்தச் சகோதரியின் நோட்டுப் புத்தகம் எங்களுக்குக் கற்பித்தது.

பெர்லின் நகரத்தில் உருவாகும் ஏபிள்டன் லைவ் மென்பொருளின் முழுப் பதிப்பு ஏறத்தாழ 750 டாலர். அதன் உரிமத்தைத் தம் கணக்கிலிருந்து வேறொருவர் கணக்கிற்கு மாற்ற நிறுவனமே வழி வைத்திருக்கிறது. ஆனால் மாணவர் சலுகையில் வாங்கியது கைமாறாது. மேம்படுத்திய பதிப்பை மட்டும் பிரித்து விற்கவும் கூடாது. மூல உரிமத்தோடு சேர்த்தே கொடுக்க வேண்டும்.

ஹாம்பர்க்கின் ஸ்டைன்பர்க் நிறுவனம் தயாரிக்கும் கியூபேஸ் நீண்ட காலம் ஒரு யுஎஸ்பி சாவியோடு வந்தது. சாவியைச் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். உரிமம் அந்தச் சாவிக்குள் இருந்தபடியால், அதைக் கையில் கொடுப்பது பாதரட்சையைக் கொடுப்பது போலவே இருந்தது. 2022 முதல் நிறுவனம் கணக்கு வழியான முறைக்கு மாறியது. பழைய சாவிகளுக்கான சேவை 2025 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. ஆகவே, பழைய சாவி மலிவாகக் கிடைக்கிறது என்று யாரேனும் காட்டினால், வாங்குமுன் நன்றாக விசாரியுங்கள்.

ஆப்பிளின் லாஜிக் ப்ரோ 200 டாலருக்குக் கிடைக்கிறது. அதற்குள் இருக்கும் வாத்தியங்களை நோக்க, அது மலிவே. ஆனால் அது வாங்கியவரின் ஆப்பிள் கணக்கோடு கட்டப்பட்டது, விற்க முடியாது. பெல்ஜியத்தின் எஃப்எல் ஸ்டூடியோ ஒருமுறை வாங்கியவருக்கு வாழ்நாள் முழுவதும் புதிய பதிப்புகளை இலவசமாகத் தருகிறது. அந்த உரிமம் வாங்கியவருக்கு மட்டுமே உரியது என்பது அதன் விதி. ஒருவருக்கு வாழ்நாள் கொடை. அவருடைய வாழ்நாளோடு அது முடிந்தும் போகிறது.

வாழ்நாள் என்ற சொல்லைக் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். கேக்வாக் நிறுவனம் 2016இல் தன் சோனார் மென்பொருளுக்கு வாழ்நாள் மேம்பாடுகளை விற்றது. 2017 நவம்பரில் அதன் உரிமையாளரான கிப்சன் நிறுவனம் அந்த மென்பொருளின் வளர்ச்சிப் பணியையே நிறுத்திவிட்டது. மறு ஆண்டு பேண்ட்லேப் அதை வாங்கி இலவசமாக வெளியிட்டது. பணம் கட்டியவரின் ஆயுள் முடியுமுன் நிறுவனத்தின் ஆயுள் முடியக்கூடும்.

இவற்றையெல்லாம் அறிந்தபின், எங்கள் சபையில் ஒலிப் பணி செய்யும் வாலிபரும் நானும் அந்த நோட்டுப் புத்தகத்தைத் திறந்தோம். மூன்று மென்பொருள்கள். ஒவ்வொன்றிற்கும் வாங்கிய தேதி, வரிசை எண், எந்த மின்னஞ்சலில் பதிவுசெய்தது என்பதெல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தன. ஒரு நிறுவனம் இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் கேட்டுப் பெற்று, உரிமத்தை மனைவியின் பெயருக்கு மாற்றிக் கொடுத்தது. மற்றொன்று சிறு கட்டணம் பெற்றுக்கொண்டு மாற்றியது. மூன்றாவது நிறுவனம், தன் விதியில் இடமில்லை என்று மரியாதையாகப் பதில் எழுதியது.

விற்கக்கூடிய இரண்டில் பெரியதற்கு, வெளியூரில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கும் ஒரு தம்பி பாதி விலை தருவதாகச் சொன்னார். அப்பொழுதுதான் உண்மையான கேள்வி எழுந்தது. சகோதரருடைய மகன் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறான். அப்பாவின் கணினியில்தான் வாசித்துப் பழகுகிறான். அப்பா முடிக்காமல் விட்டுச் சென்ற பதினொரு பாடல்கள் அந்த மென்பொருளின் கோப்புகளாக உள்ளே இருக்கின்றன. உரிமம் கைமாறினால் அவை திறவா.

உறவினர் ஒருவர் எளிய வழி சொன்னார்: "வித்துடுங்க, பையனுக்கு ஒரு காப்பி வெச்சுக்கோங்க. யாருக்குத் தெரியப்போகுது?" இன்னொரு வாலிபன், நல்ல மனதோடுதான், தன் பென்டிரைவைக் காட்டி, "ஐயா, இதுலயே கிராக் இருக்கு, சும்மாவே போட்டுத் தரேன்" என்றான்.

அந்தச் சகோதரி சற்றுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கொடுத்துட்டா கொடுத்ததுதான் ஐயா. அந்தத் தம்பி காசு தர்றாரு. எங்கிட்டயும் வெச்சுக்கிட்டா நான் என்னத்த வித்தேன்?" என்றார்.

இதைவிடத் தெளிவாக அந்த ஐரோப்பிய நீதிபதிகளும் சொல்லவில்லை.

பாடல்களுக்கு வழி இருந்தது. உரிமத்தை மாற்றுமுன், பதினொரு பாடல்களிலும் உள்ள ஒவ்வொரு வாத்தியத்தின், ஒவ்வொரு குரலின் பதிவையும் தனித்தனி வேவ் கோப்பாக எடுத்துவைத்தோம். எல்லாக் கோப்புகளும் பாடலின் தொடக்கத்திலிருந்தே எடுக்கப்பட்டால், எந்த மென்பொருளில் வைத்தாலும் ஒன்றோடொன்று பொருந்தும். கீபோர்டு இசைக்கான குறிப்புகளை மிடி கோப்புகளாகவும் சேமித்தோம். அந்த வேலைக்கு இரண்டு சனிக்கிழமைகள் ஆயின. நடுவில் ஒரு பாடலில், அவர் இருமிவிட்டு, "மறுபடியும் எடுக்கலாம்" என்று சொல்லும் குரல் கேட்டது. மகன் அதை வெட்டாமல் வைத்துக்கொண்டான்.

சபைக்கு நாங்கள் ரீப்பர் என்ற மென்பொருளை வாங்கினோம். அதன் வணிக உரிமம் 225 டாலர். தனி மனிதருக்கும், இலாப நோக்கமற்ற அமைப்புகளுக்கும் 60 டாலர். 60 நாட்கள் சோதித்துப் பார்க்கவும் இடம் தருகிறது. அதுவும் இயலாத சபைகளுக்கு, ஆடாசிட்டி போன்றவை எந்தக் கட்டணமும் இன்றிக் கிடைக்கின்றன. நேர்மையாக ஒலிப்பதிவு செய்ய அவையே போதுமானவை. அந்தப் பிள்ளை இப்பொழுது ஆராதனை முடிந்ததும் சபைக் கணினியில் அமர்ந்து, அப்பாவின் பாடல்களை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டிருக்கிறான்.

கள்ளப்பிரதியைக் குறித்து நாம் பேசும்போதெல்லாம், தூரதேசத்து நிறுவனத்திற்கு என்ன நஷ்டம் என்ற கேள்வி எழுகிறது. அவர்கள் பணக்காரர்கள் என்று நம் மனம் சமாதானம் சொல்லிக்கொள்கிறது. ஆனால் அந்தப் பென்டிரைவ் முதலாவது யாருடைய கையிலிருந்து பறித்திருக்கும்? அந்த நோட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வந்த சகோதரியின் கையிலிருந்து. எல்லாரும் சும்மா வைத்திருக்கும் ஒன்றை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அவருடைய கணவர் உண்மையாய்ச் செலுத்திய பணம், வெளியூர்த் தம்பி ஒருவரும் உண்மையாய் இருந்தபடியால்தான், கடனை அடைக்க உதவியது. ஒரு மனிதனுடைய நேர்மை அவன் காணாத இன்னொருவனின் நேர்மையைச் சார்ந்து நிற்கிறது.

இசைப் பணியில் இருக்கும் வாலிபர்களுக்கும், சபைப் பொருளாளர்களுக்கும் சில ஆலோசனைகள்.

வாங்குமுன், உரிமம் கைமாறுமா என்று வாசித்துப் பாருங்கள். மாணவர் சலுகையும், கருவியோடு இலவசமாக வருவதும் பெரும்பாலும் கைமாறா. சபைக்காக வாங்குவதைச் சபையின் மின்னஞ்சலில் பதிவுசெய்யுங்கள். வாசிக்கிறவர் வேறு ஊருக்குப் போனாலும் பொருள் சபையில் இருக்கும்.

பழைய உரிமத்தை வாங்கும்போது, கடவுச்சொல்லை மட்டும் பெற்றுக்கொண்டு திருப்தியடையாதீர்கள். விற்கிறவருக்கு அந்த உரிமத்தை விற்க உரிமை உண்டா என்று நிறுவனத்திடமே கேளுங்கள். உங்கள் பெயருக்கு மாற்றிய மின்னஞ்சல் வந்தபின்பே பணம் முழுவதையும் கொடுங்கள். விற்கும்போது, உங்கள் பாடல்களை வேவ் கோப்புகளாக எடுத்துக்கொண்டு, மென்பொருளை உங்கள் கணினியிலிருந்து நீக்கிவிடுங்கள்.

ரசீதுகளைக் காகிதத்தில் எழுதிவையுங்கள், வீட்டாருக்கும் காட்டுங்கள். எரேமியா தீர்க்கதரிசி ஆனதோத்தின் நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கியபின், கிரயப் பத்திரங்கள் நெடுநாள் இருக்கும்படி அவற்றை மண்பாண்டத்தில் வைக்கச் செய்தார். எங்கள் சகோதரருடைய மண்பாண்டம் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். அது இல்லாதிருந்தால், நாங்கள் எந்த நிறுவனத்திற்கு எழுதியிருப்போம்?

கொடுக்கிறவர்கள் முழுமையாகக் கொடுக்கவும், பெறுகிறவர்கள் வெளிச்சத்தில் பெறவும் கர்த்தர் நம் ஒவ்வொருவருக்கும் மனம் தருவாராக. அடுத்த வாரம் சந்திப்போம்.