நயினார்கோவிலில் பிந்திய கடிகாரம்

பரமக்குடியிலிருந்து நயினார்கோவிலுக்குச் செல்லும் பாதையெங்கும் கருவேலங்காடும் வானம் பார்த்த வயல்களும் தொடர்ந்து வருகின்றன. நாகநாத சுவாமி ஆலயத்தால் பெயர் பெற்ற அவ்வூரில், 1980-களின் நடுவே, நண்பர் ஒருவரின் இல்லத்தில் ஓர் இரவு தங்கினேன். இராமநாதபுரச் சீமையின் பல குடும்பங்களைப் போலவே அக்குடும்பத்திலும் கடல் கடந்து பிழைக்கச் சென்றவர் ஒருவர் இருந்தார். நண்பரின் தமையனார் சவூதி அரேபியாவில் பணியாற்றி வந்தார்.

விடுமுறையில் அவர் கொணர்ந்த பொருள்கள் கூடத்தை அலங்கரித்தன. முதலில் வந்த மிக்ஸி மட்டும் அங்கில்லை. சுவிட்சைப் போட்டவுடனேயே புகைந்து போயிற்றாம். சவூதியில் அந்நாளில் பெரும்பாலான வீடுகளுக்கு 127 வோல்ட் மின்சாரமே வந்தது, நமக்கோ 230. மின்னழுத்தம் இரு மடங்கானால், இஸ்திரிப் பெட்டி போன்ற சூடேறும் கருவியில் வெப்பம் நான்கு மடங்காகும். நம் ஊர் இஸ்திரிப் பெட்டியை அங்கே கொண்டு சென்றாலோ மூன்றில் ஒரு பங்குச் சூடுகூடத் தேறாது. மிக்ஸி போன பின்னரே, அழுத்தத்தைக் குறைக்கும் கனத்த டிரான்ஸ்பார்மர் ஒன்று அவ்வீட்டிற்கு வந்து சேர்ந்தது.

அதனோடு இணைந்து, சிவப்பு எண்கள் ஒளிரும் ஜப்பானியக் கடிகார வானொலி ஒன்று இருந்தது. மறுநாள் காலை மதுரையில் எனக்கு ஒரு நேர்முகத் தேர்வு. ஐந்து மணிப் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். இரவு பத்து மணிக்கு என் கைக்கடிகாரத்தைப் பார்த்து அதனைத் திருத்தி, நாலரைக்கு அலாரம் வைத்துப் படுத்தேன். அலாரம் அடித்தபோது வெளியே நன்றாக வெளுத்திருந்தது. கைக்கடிகாரம் ஆறு மணியை நெருங்கிக்கொண்டிருந்தது.

"அதை நம்பியா படுத்தீர்கள், தம்பி? அது என்றைக்கும் பிந்தித்தானே ஓடும்!" என்றார் நண்பரின் தாயார். அந்த வேலை எனக்குக் கிட்டவில்லை.

காரணம் பின்னரே விளங்கிற்று. நம் மின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்றுகள் கொண்டது, சவூதியில் 60. அக்கடிகாரம் சுற்றுகளை எண்ணியே நேரம் காட்டுவது. அறுபதை எண்ணினால்தான் அதற்கு ஒரு வினாடி; ஆகவே நம் ஊரில் மணிக்குப் பத்து நிமிடம் பிந்தும். டிரான்ஸ்பார்மர் அழுத்தத்தை மாற்றுமேயன்றிச் சுற்றுகளை மாற்றாது. சில கடிகாரங்களின் அடியில் இதற்கெனச் சிறு விசை உண்டு; அதில் இல்லை.

அதனைச் செய்த ஜப்பானிலேயே இப்பிளவு உண்டென்பது வேடிக்கை. 1890-களில் டோக்கியோ ஜெர்மானிய இயந்திரங்களையும் ஒசாகா அமெரிக்க இயந்திரங்களையும் வாங்கின. விளைவாக, இன்றளவும் கிழக்கில் 50, மேற்கில் 60. 2011-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் கிழக்கு இருளில் தவித்தபோது, மேற்கிலிருந்து போதிய மின்சாரம் அனுப்ப இயலவில்லை. சவூதி அரசு 2010-இல் 230 வோல்ட்டிற்குப் படிப்படியாக மாற முடிவு செய்தது. சுற்றுகள் மட்டும் அறுபதாகவே உள்ளன. பிளக்கின் கதை தனி. நாம் இன்றும் பயன்படுத்தும் உருண்டை முள் பிளக் ஆங்கிலேயர் தந்தது. அவர்களோ 1947-லேயே சதுர முள்ளுக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள்!

இப்போது கைப்பேசிச் சார்ஜர்களில் 100 முதல் 240 வோல்ட், 50/60 என்று அச்சிட்டே வருகிறது. அண்மையில் நயினார்கோவில் சென்றிருந்தேன். அந்த வானொலி அதே இடத்தில் பாடிக்கொண்டிருந்தது. மணியை மட்டும் எவரும் திருத்துவதில்லை.